கடைச் சர்வரில் போஸ்ட்கிரெஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி வீதி மொத்தக் கடைகள், மாட்டுத்தாவணி பூக்கடைகள், கப்பலூர்ப் பட்டறைகள் என்று மதுரையைச் சுற்றிச்சுற்றிச் சர்வர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. போன் மணி அடித்தால் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பற்றி, கீழே உள்ள கேள்விகளில் ஒன்றுதான். கட்டளைகளையும் போனில் சொல்வதுபோல ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன்.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ்: எதைப் போடுவது?

பில்லிங் மென்பொருளை ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் அது எதைக் கேட்கிறதோ அதைப் போடுங்கள். அங்கே நம் விருப்பத்துக்கு இடமில்லை. புதிதாக எழுதப்போகிறீர்கள் என்றால் போஸ்ட்கிரெஸ் என்பேன். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது. எந்த ஒரு நிறுவனத்தின் கைக்குள்ளும் இல்லை. மைஎஸ்க்யூஎல்லும் மோசமில்லை. 1995இல் வந்தது, 2010இல் சன் நிறுவனத்தோடு சேர்ந்து ஆரக்கிளிடம் போனது. அதை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ் அதற்கு முந்தைய ஆண்டே மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கிவிட்டார். ‘மை’ என்றால் ‘என்னுடைய’ என்று நினைப்பவர்கள் உண்டு. அது அவருடைய மகளின் பெயர். மரியா இன்னொரு மகள்.

என்ன மாதிரி இயந்திரம் வேண்டும்?

ஒரு கடைக்கு 4 ஜிபி ராம் போதும், 8 இருந்தால் வசதி. கட்டாயம் எஸ்எஸ்டி. கட்டாயம் யுபிஎஸ். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று சும்மா கிடக்கிறது என்று அதில் கடைக் கணக்கை ஏற்றாதீர்கள்.

நிறுவிவிட்டேன். நிலை பார்த்தால் ‘ஆக்டிவ்’ என்றும் பக்கத்திலேயே ‘எக்சிட்டட்’ என்றும் வருகிறது. ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

ஓடுகிறது. ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்று தட்டியவுடன் பதிப்பு 16 இறங்கி, ‘மெயின்’ என்ற பெயரில் ஒரு கிளஸ்டர், அதாவது தரவுத்தளங்களை வைக்கும் தொகுப்பு, தானாக உருவாகிவிடும். நீங்கள் பார்த்த ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ சேவை வெறும் மேஸ்திரி மாதிரி. வேலையாளை அனுப்பிவிட்டுப் போய்விடும். அந்த வேலையாளின் பெயர் ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@16-மெயின்’. அதன் நிலையைப் பாருங்கள். அல்லது ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ என்று தட்டுங்கள். பதிப்பு, போர்ட், ஓடுகிறதா இல்லையா, தரவு எந்த அடைவில் இருக்கிறது, நடந்ததைப் பதியும் லாக் கோப்பு எங்கே என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிடும்.

கான்ஃபிகரேஷன் கோப்புகள் ‘இடிசி’ அடைவுக்குள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல், 16, மெயின் என்ற வரிசையில் இருக்கும். தரவு இருப்பது ‘வார்’, ‘லிப்’ அடைவுகளின் கீழே. ரெட்ஹேட் குடும்பத்து லினக்ஸ் என்றால் கிளஸ்டர் தானாக உருவாகாது. ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-செட்அப் --இனிட்டிடிபி’ என்று ஒரு முறை ஓட்டியாக வேண்டும். அதை மறந்துவிட்டு, சேவை எழும்ப மறுக்கிறது என்று புலம்பியவர்கள் பலர்.

‘பீர் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்கிறது. கடவுச்சொல்லே கேட்கவில்லையே?

கேட்காது. ஒரே இயந்திரத்துக்குள்ளிருந்து இணைக்கும்போது போஸ்ட்கிரெஸ், “லினக்ஸில் நீ யார்?” என்று மட்டும் பார்க்கிறது. லினக்ஸ் பயனர் பெயரும் தரவுத்தளப் பயனர் பெயரும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும். அதுதான் பீர் முறை. முதல் முறை நுழைய ‘சூடோ -யூ போஸ்ட்கிரெஸ் பிஎஸ்க்யூஎல்’. உள்ளே போனதும் கடைக்கென்று தனிப் பயனர் ஒன்றை உருவாக்குங்கள். பில்லிங் மென்பொருளை ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற தலைமைப் பயனர் பெயரிலேயே இணைத்துவிடுவது எங்கும் பார்க்கிற வழக்கம். பெட்டிச் சாவியோடு வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்துக் கடைப் பையனிடம் கொடுத்த கதைதான் அது.

கோபத்தில் ‘பீர்’ இருக்கும் இடத்தில் ‘டிரஸ்ட்’ என்று மாற்றிவிடச் சொல்லும் ஆலோசனை கண்ணில் படும். வேண்டாம். அதற்குப் பொருள், யார் வந்து எந்தப் பெயரைச் சொன்னாலும் உள்ளே விடு என்பது.

தரவுத்தளம் உருவாக்கி, பயனருக்கு எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அட்டவணை போட முடியவில்லை: ‘பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்’.

நீங்கள் பார்த்துச் செய்த வழிகாட்டி பழையது. ஸ்கீமா என்பது தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளை வைக்கும் அறை. பதிப்பு 14 வரை ‘பப்ளிக்’ ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் அட்டவணை போடலாம். 15இலிருந்து தரவுத்தளத்தின் உரிமையாளருக்கு மட்டுமே அந்த உரிமை. எளிய வழி, கடைப் பயனரையே உரிமையாளராக்குவது: ‘கிரியேட்டிடிபி --ஓனர்=கணக்கர் கடை’ (‘கணக்கர்’ பயனர் பெயர், ‘கடை’ தரவுத்தளத்தின் பெயர்; உங்கள் பெயர்களைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஏற்கெனவே உருவாக்கிவிட்டால் ‘ஆல்டர் டேட்டாபேஸ் கடை ஓனர் டு கணக்கர்’.

சர்வரில் வேலை செய்கிறது. கல்லா மேசைக் கணினியிலிருந்து இணைய மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலோர் செய்கிற தவறு, கண்ணில் பட்ட அமைப்பை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது. அதற்குப் பிறகு எது தடுத்தது என்பது யாருக்கும் தெரியாது. திறந்ததை மூடவும் யாரும் மெனக்கெடுவதில்லை.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு ஊருக்கு வெளியிலிருந்து வருகிறவர் வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, ஆடி வீதி என்று ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் சன்னிதிக்குப் போக வேண்டும். உங்கள் இணைப்பும் அப்படித்தான் ஐந்து இடங்களைத் தாண்டுகிறது. எந்த வீதியில் நிறுத்தப்பட்டோம் என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடும்.

வெளி வீதி, ஃபயர்வால். இங்கே தடுக்கப்பட்டால் பதிலே வராது. திரை அப்படியே உறைந்து நின்று, கடைசியில் ‘டைம்ட் அவுட்’ என்று வரும். கடையின் உள் வலைப்பின்னலுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்: ‘சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் ஃபிரம் 192.168.1.0/24 டு எனி போர்ட் 5432’. 5432 என்பது போஸ்ட்கிரெஸின் வாசல் எண். கிளவுடில் சர்வர் வைத்திருந்தால் அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் தனி ஃபயர்வால் இருக்கும், மறந்துவிடாதீர்கள்.

மாசி வீதி, ‘லிசன்_அட்ரஸஸ்’. நிறுவியபோது இதன் மதிப்பு ‘லோக்கல்ஹோஸ்ட்’. அதாவது சர்வர் தன் குரலை மட்டுமே கேட்கும். இங்கே நின்றால் பதில் உடனே வரும், முகத்தில் அடித்தாற்போல: ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’. போஸ்ட்கிரெஸ் ஓடவே இல்லை என்றாலும் இதே செய்திதான், ஆகவே அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சர்வரின் உள் முகவரியை ‘லோக்கல்ஹோஸ்ட்’டோடு சேர்த்து எழுதிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள், ஓடும்போதே கோப்பை மறுபடி படிக்கச் சொல்லும் ரீலோடு இதற்குப் போதாது.

ஆவணி மூல வீதி, ‘பிஜி_எச்பிஏ.கான்ஃப்’ கோப்பு. ‘நோ பிஜி_எச்பிஏ.கான்ஃப் என்ட்ரி’ என்று வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள், பாதி வழி வந்துவிட்டீர்கள். அந்தச் செய்தியிலேயே எந்த முகவரி, எந்தப் பயனர், எந்தத் தரவுத்தளம் என்று இருக்கும். அதை அப்படியே ஒரு வரியாக்குங்கள்: ஹோஸ்ட், கடை, கணக்கர், 192.168.1.0/24, ஸ்க்ராம்-எஸ்எச்ஏ-256. இந்தக் கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகிறது. முதலில் பொருந்துகிற வரியோடு படிப்பது நின்றுவிடும். அங்கே தோற்றால் அடுத்த வரிக்குப் போகாது. கீழே சரியான வரியைச் சேர்த்துவிட்டு, மேலே இருக்கிற பழைய வரி மறித்துக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் ஒரு முழு நாளைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். இதற்கு ரீலோடு போதும்.

சித்திரை வீதி, கடவுச்சொல். ‘பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்றால் கடவுச்சொல் தவறாக இருக்கலாம், அப்படி ஒரு பயனரே இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே செய்திதான்; வருகிறவன் திருடனாக இருந்தால் பயனர் பெயரைக்கூட அவனுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக.

ஆடி வீதி, அட்டவணை உரிமை. உள்ளே வந்துவிட்டீர்கள், குறிப்பிட்ட அட்டவணையைத் தொட்டால் ‘பெர்மிஷன் டினைட்’. ‘கிராண்ட்’ கட்டளை கொண்டு தேவையானதை மட்டும் கொடுங்கள். கல்லா மேசைக்கு விற்பனை அட்டவணையில் அழிக்கும் உரிமை எதற்கு?

வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக 5432ஐ இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடி இரவும் பகலும் நிரல்கள் அலைகின்றன. எஸ்எஸ்எச் சுரங்கம் அல்லது வயர்கார்டு போன்ற மறையாக்கப்பட்ட தனி வழியாக வாருங்கள்.

தமிழ்ப் பெயர்களை ஏற்றினால் ‘10 எழுத்துதான்’ இருக்கும் ஊர்ப்பெயரை 15 எழுத்துப் பத்தியில் ஏற்க மறுக்கிறது.

‘திருப்பரங்குன்றம்’ நமக்குப் பத்து எழுத்து. போஸ்ட்கிரெஸுக்குப் பதினேழு. காரணம், யூனிகோடில் ‘தி’ என்பது த என்ற ஒரு குறியும் கொக்கி என்ற இன்னொரு குறியும் சேர்ந்தது. புள்ளியும் தனிக் குறி. ‘மதுரை’யை அளந்து பாருங்கள்: நம் கணக்கில் 3, ‘லெங்த்’ சொல்வது 5, ‘ஆக்டெட்_லெங்த்’ சொல்வது 15, தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட். ஆகவே பெயர்ப் பத்திகளுக்கு ‘வார்கேர் 15’ என்று கஞ்சத்தனம் வேண்டாம், ‘டெக்ஸ்ட்’ என்றே வைத்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் இரண்டுக்கும் வேகத்தில் வேறுபாடு இல்லை.

இதே குடும்பத்தில் இன்னொரு தொல்லை. ‘கோரிப்பாளையம்’ என்று தேடினால் சில வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. ஒவ்வொரு விசைப்பலகையும் ஒவ்வொரு விதம். பதிப்பு 13இலிருந்து இருக்கும் ‘நார்மலைஸ்’ செயல்கூறு வழியாக உள்ளே வரும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அகரவரிசை மூன்றாவது. தரவுத்தளத்தின் லோகேல், அதாவது மொழி அமைப்பு, ‘சி’ அல்லது ‘சி.யுடிஎஃப்-8’ என்று இருந்தால், பட்டியலில் கன்னியாகுமரிக்குப் பிறகுதான் கப்பலூர் வரும். யூனிகோடு எண் வரிசையில் ன முன்னால், ப பின்னால். நம் வரிசையில் னகரம் மெய்களில் கடைசி. ‘ஆர்டர் பை’ பக்கத்தில் ‘கொலேட் "டிஏ-எக்ஸ்-ஐசியு"’ என்று சேர்த்தால் வரிசை சரியாகிவிடும். புதிதாக உருவாக்கும்போதே, மொழிவாரி அகரவரிசை தெரிந்த ஐசியு வழங்கியைத் தேர்ந்து தமிழ் லோகேலைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுதத் தேவையில்லை. வார்ப்பாக ‘டெம்ப்ளேட்0’வைக் குறிப்பிட வேண்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை: அவை தமிழே அல்ல, தமிழ் வேடம் போட்ட ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் தேடலும் வரிசையும் எதுவும் நடக்காது.

பூ மார்க்கெட் கடை எங்களுடையது. அதிகாலை வியாபாரம் எல்லாம் முந்தின நாள் கணக்கில் விழுகிறது. ஏன்?

சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 4 மணிக்கு நீங்கள் மல்லிகைக்கு பில் போடும்போது சர்வருக்கு முந்தின இரவு 10.30. பகலில் மட்டும் திறக்கும் துணிக்கடைக்கு இந்தப் பிழை வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும். மாட்டுத்தாவணியில் முதல் நாளே தெரிந்துவிடும். பத்தியின் வகை ‘டைம்ஸ்டாம்ப்டிஇசட்’ ஆக இருக்கட்டும், பிறகு ‘ஆல்டர் டேட்டாபேஸ் கடை செட் டைம்ஜோன் டு 'ஏசியா/கொல்கத்தா'’. புதிதாக இணையும் இணைப்புகளுக்கு இது நடைமுறைக்கு வரும். நேர மண்டலம் இல்லாத வெறும் ‘டைம்ஸ்டாம்ப்’ பத்தியில் ஏற்கெனவே சேமித்திருந்தால், எந்த நேரத்தை எழுதினார்கள் என்று நிரல் எழுதியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மாற்றுங்கள்.

அதோடு, விலைக்கும் எடைக்கும் ‘நியூமெரிக்’ வகை. ‘ஃப்ளோட்’ கூடாது, 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் சரியாக 0.3 வராத வகை அது.

8 ஜிபி இருந்தும் மந்தமாக இருக்கிறது. எதை மாற்றுவது?

போஸ்ட்கிரெஸ் நிறுவியவுடன் மிகவும் அடக்கமாக இருக்கும். ‘ஷேர்ட்_பஃபர்ஸ்’ வெறும் 128 எம்பி. ராமில் கால்பங்கு, அதாவது 2 ஜிபி கொடுங்கள். ‘எஃபெக்டிவ்_கேஷ்_சைஸ்’ 5 ஜிபி. இது நினைவகத்தை எடுத்துக்கொள்வதில்லை, திட்டமிடும் பகுதிக்கு ஒரு தகவல் மட்டும். எஸ்எஸ்டி என்றால் ‘ராண்டம்_பேஜ்_காஸ்ட்’டை 4இலிருந்து 1.1க்கு இறக்குங்கள். ‘வொர்க்_மெம்’ 4 எம்பியிலிருந்து 16க்குப் போகலாம், அதற்கு மேல் கைவைக்க வேண்டாம். அது ஒரு சர்வருக்கான அளவு அல்ல, ஒவ்வொரு இணைப்பிலும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும் அளவு. ‘மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ்’ 100 இருப்பதை 1000 ஆக்கினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பரவியது என்று தெரியவில்லை. பத்துக் கணினி இருக்கும் கடைக்கு நூறே அதிகம்.

உண்மையைச் சொன்னால், மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இவை எதுவும் இல்லை. இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் குறிப்புப் பட்டியல்) இல்லாமல் தரவுத்தளத்திடம் போகும் ஒரே ஒரு வினவல்தான். ‘லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்’டை 500 என்று வைத்தால் அரை நொடிக்கு மேல் இழுக்கிறவை லாகில் சிக்கும். பிறகு ‘எக்ஸ்பிளைன் அனலைஸ்’ கொண்டு அது எங்கே இழுக்கிறது என்று பாருங்கள்.

கோப்பில் மாற்றினேன், மாறவே இல்லை.

மறுதொடக்கம் செய்தீர்களா? செய்தும் மாறவில்லை என்றால், யாரோ முன்பு ‘ஆல்டர் சிஸ்டம்’ கொடுத்திருக்கிறார்கள். அது ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப்’ என்ற தனிக் கோப்பில் எழுதும். கடைசிப் பேச்சு அதனுடையது. ‘பிஜி_செட்டிங்ஸ்’ அட்டவணையில் ‘சோர்ஸ்ஃபைல்’ பத்தியைப் பாருங்கள், மதிப்பு எங்கிருந்து வந்தது என்று இருக்கும்.

மின்சாரம் போனால் தரவு கெட்டுவிடுமா?

கெடக் கூடாது என்றுதான் அதைக் கட்டியிருக்கிறார்கள். எந்த மாற்றமும் முதலில் வால் என்ற பதிவேட்டில் எழுதப்பட்டு வட்டில் உறுதியான பிறகே ‘முடிந்தது’ என்று சொல்லும். மின்சாரம் வந்ததும் அதைப் படித்துத் தானே எழுந்துகொள்ளும். இந்தப் பாதுகாப்பைக் கெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேகத்துக்காக ‘எஃப்சிங்க்’கை அணைப்பது. செய்யவே செய்யாதீர்கள். வேகம்தான் வேண்டும் என்றால் ‘சிங்க்ரோனஸ்_கமிட்’டை அணையுங்கள், போனால் கடைசி அரை நொடிச் சொச்சத்தின் பில்கள் போகும், தரவுத்தளம் சிதையாது. இரண்டாவது, வட்டு நிறைந்துவிட்டது என்று ‘பிஜி_வால்’ அடைவிலிருக்கும் கோப்புகளைக் கையால் அழிப்பது. அவற்றைத் தொட்டால் மீளாது. அந்த அடைவு ஏன் பெருத்தது என்று பாருங்கள்; பெரும்பாலும் யாரோ அமைத்துவிட்டு மறந்துபோன ரெப்ளிகேஷன் ஸ்லாட் (இன்னொரு சர்வர் நகலெடுக்கும்வரை வால் கோப்புகளைப் பிடித்துவைப்பது) இருக்கும்.

பேக்கப் எப்போது எடுப்பது? எங்கள் கடைக்கு இரவு என்பதே இல்லை.

எப்போது வேண்டுமானாலும். ‘பிஜி_டம்ப்’ தொடங்கிய நொடியில் இருந்த நிலையைப் படம் பிடித்ததுபோல எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பில் போடுவது நிற்காது. தூங்கா நகரத்துக்கு ஏற்ற கருவி. ‘--ஃபார்மேட்=கஸ்டம்’ என்று எடுங்கள், திரும்பக் கொண்டுவர ‘பிஜி_ரெஸ்டோர்’. பயனர்களும் கடவுச்சொற்களும் இதில் வராது. அதற்கு ‘பிஜி_டம்ப்ஆல் --குளோபல்ஸ்-ஒன்லி’ தனியாக.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு மளிகை மொத்தக் கடைக்கு, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் பேக்கப் வரி ஒன்று எழுதினேன், கோப்பின் பெயரில் அன்றைய தேதி வரும்படி. கையால் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. நாலு மாதம் கழித்து, தெரியாமல் ஒரு அட்டவணையை அழித்துவிட்டோம் என்று கூப்பிட்டார்கள். அடைவைத் திறந்தால் ஒரே ஒரு கோப்பு: நான் கையால் எடுத்தது. தேதிக்காகப் போட்ட சதவீதக் குறியைக் கிரான் வரிமுடிவாக எடுத்துக்கொள்ளும்; அதற்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். கட்டளை பாதியில் அறுந்து ஒவ்வொரு நாளும் தோற்றிருக்கிறது. தோற்றதாக ஒவ்வொரு நாளும் எனக்கு அஞ்சலும் போட்டிருக்கிறது, நான் ஒருபோதும் திறக்காத சர்வரின் உள்ளூர் அஞ்சல் பெட்டிக்கு. பேரேடும் பில் கட்டும் வைத்து மூன்று பேர் ஒன்பது நாள் உட்கார்ந்து தட்டினோம். அந்த மாதக் கூலியை நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். பேக்கப் கட்டளைகளைக் கிரானில் எழுதுவதில்லை. தனிக் கோப்பில் ஸ்கிரிப்டாக எழுதி, கிரானில் அதன் பெயரை மட்டும் போடுகிறேன். மாதம் ஒரு முறை, ஒன்றாம் தேதி, அன்றைய பேக்கப்பை வேறொரு தரவுத்தளத்தில் கொட்டி, நேற்றைய கடைசி பில் எண் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறேன்.

படி ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். 2018 பிப்ரவரியில் மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்தது நினைவிருக்கும். சர்வரும் அதன் பேக்கப் வட்டும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். இப்போது இரண்டு போஸ்ட்கிரெஸ் தெரிகிறது, ஒன்றில் எதுவுமே இல்லை!

பயப்படாதீர்கள். ‘ஏபிடி அப்கிரேட்’ 16.1இலிருந்து 16.2 போன்ற சின்னத் தாவல்களை மட்டும் செய்யும். பெரிய பதிப்பு மாறும்போது பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதை நிறுவும்: பழையது 5432இல் தரவோடு, புதியது 5433இல் காலியாக. பேக்கப் எடுத்துவிட்டு, காலியானதை ‘பிஜி_டிராப்கிளஸ்டர்’ கொண்டு நீக்கி, பழையதை ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்’ கொண்டு ஏற்றுங்கள். எதைக் காலி என்று நினைக்கிறீர்களோ அதன் எண்ணை இரண்டு முறை வாசித்துவிட்டு எண்டர் தட்டுங்கள். ஏற்றிய பிறகு ‘கொலேஷன் வெர்ஷன்’ (அகரவரிசை விதிகளின் பதிப்பு) பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் முதலில் ‘ரீஇண்டெக்ஸ்’, அதற்குப் பிறகே ‘ரெஃப்ரெஷ்’. எச்சரிக்கையை அணைப்பது மட்டும் போதாது.

அண்ணே, உங்களைக் கூப்பிட்டால் முதலில் என்ன கேட்பீர்கள்?

மதுரைக்கு வழி வாயிலே என்பார்கள். போஸ்ட்கிரெஸுக்கு வழி லாகிலே. ‘வார்’, ‘லாக்’, ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ அடைவிலிருக்கும் கோப்பின் கடைசி முப்பது வரிகளை அனுப்புங்கள், எழுத்தாக. மானிட்டரைப் பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுத்து, பாதி டியூப் லைட் வெளிச்சத்தில் மறைந்து அனுப்பினால் என்னால் வாசிக்க முடிவதில்லை.